முதலில் படித்த பதிப்பு: பற்றும் சாட்சியமும்

1

நம்மில் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. நமக்கு முக்கியமான ஒரு புத்தகத்துக்குப் புதிதாக, சுத்தமாக ஒரு பதிப்பு வந்தால் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வோம். படிக்கவேண்டும் என்று தோன்றும்போது மட்டும் கை தானாகப் போவது முதுகு கிழிந்து, பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, ஓரமெல்லாம் பழுத்துப்போன பழைய பிரதியிடம்தான். இதை யாரிடமாவது சொல்லும்போது கொஞ்சம் வெட்கத்தோடு சொல்வோம். ஏனென்றால், எழுத்துத்தான் இலக்கியம், தாளும் மையும் அச்சாபீஸ் விவகாரம் என்பது நம் உத்தியோகபூர்வமான நிலை. இந்த நிலையை நான் சந்தேகிக்கிறேன். பழைய பதிப்பின்மீதுள்ள பற்றில் பாதி வெறும் ஞாபக சுகம். மறுபாதி, விமர்சனத்துக்கு அவசியமான ஒரு தகவல். இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் முதலாவதை ரகசியமாகக் கொஞ்சிக்கொண்டிருக்கிறோம், இரண்டாவதை வீணடித்துக்கொண்டிருக்கிறோம்.

1970இல் ஆங்கிலத்தில் வெளியான தன் சுயசரிதைக் கட்டுரையில் போர்ஹே ஒரு விஷயம் சொல்கிறார். சிறு வயதில் அவர் பார்த்த டான் க்விக்ஸாட், கார்னியே பதிப்பகம் போட்டது. சிவப்பு அட்டை, தங்க நிறத்தில் தலைப்பு. பிற்பாடு அப்பாவின் நூலகம் கலைந்துபோயிற்று. அதே நாவலை வேறொரு பதிப்பில் படித்தபோது, இது அசல் க்விக்ஸாட் இல்லை என்ற உணர்வு அவருக்கு. கடைசியில் ஒரு நண்பர்மூலம் அந்தக் கார்னியே பதிப்பையே வரவழைத்துக்கொள்கிறார். அதே உலோகச் செதுக்குப் படங்கள், அதே அடிக்குறிப்புகள், அதே அச்சுப்பிழைகள். இவை அனைத்தும் தனக்குப் புத்தகத்தின் பகுதிகள் என்கிறார் அவர். இதைச் சொல்லும்போது அவர் படிக்கும் பார்வையை இழந்து பதினைந்து வருஷங்கள் ஆகியிருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதை ஒரு கிழவரின் செல்லப் பிடிவாதமாக ஒதுக்கிவிட முடியாது. 1939இல் பியேர் மெனார்ட் கதையை எழுதியவர் இவர்தான். செர்வான்டிஸின் வார்த்தைகளையே எழுத்துப் பிசகாமல் இருபதாம் நூற்றாண்டு மனிதன் ஒருவன் எழுதினால் வார்த்தைகள் அவையே, அர்த்தம் வேறு என்பது அந்தக் கதையின் விளையாட்டு. அதை ரசித்துச் சிரிக்கிறோம். அதே வார்த்தைகள் வேறு தாளில், வேறு படங்களோடு வந்தால் அதுவும் வேறு புத்தகம் என்று அவரே சொந்த வாழ்க்கையிலிருந்து சொல்லும்போது அதைப் பலவீனம் என்கிறோம். முதலாவது தத்துவம், இரண்டாவது பலவீனம் என்று எப்படிப் பிரிப்பது?

ப்ரூஸ்ட் இன்னும் நுட்பமாகப் போகிறார். அவர் இறந்தபின் 1927இல் வந்த கடைசிப் பகுதியில், கெர்மான்த் மாளிகையின் நூலக அறையில், கதைசொல்லியின் கையில் ஜார்ஜ் ஸாண்ட் எழுதிய ஒரு நாவல் அகப்படுகிறது. சிறு வயதில் ஓர் இரவு அம்மா படித்துக்காட்டிய நாவல் அது. புத்தகம் சேகரிப்பவர்கள் தேடும் முதல் பதிப்பு வேறு. தனக்கு முதல் பதிப்பு என்றால் அந்தப் புத்தகத்தைத் தான் முதன்முதலில் படித்த பதிப்புதான் என்கிறான் அவன். அதற்கு அடுத்த படிதான் முக்கியம். அம்மா கொண்டுவந்த அந்தப் பிரதியே தன்னிடம் இருந்தாலும் அதைத் திறந்து பார்க்கமாட்டானாம். திறந்தால் இன்றைய மனப்பதிவுகள் ஒவ்வொன்றாக உள்ளே புகுந்து பழையவற்றை மூடிவிடும் என்ற பயம்.

ஆக இரண்டு நிலைகள். போர்ஹே பழைய பதிப்பைத் தேடிப் பிடிக்கிறார். ப்ரூஸ்ட்டின் ஆள் அதைத் திறக்கப் பயப்படுகிறான். இருவருமே அதை இன்னொரு பதிப்போடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. நாவலாசிரியனுக்கும் கவிஞனுக்கும் அது தேவையில்லாமல் இருக்கலாம். விமர்சனம் எழுதுகிறவனுக்கு அதிலிருந்து தப்ப வழியில்லை.

2

நம் பாஷையில் இந்தப் பிரச்னைக்கு ஒரு தனிப் பரிமாணம் உண்டு. 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணை பிறப்பித்தது. பெரியார் 1935இலிருந்தே குடி அரசில் கையாண்ட மாற்றங்களில் ஒரு பகுதி அது. மாறியவை பதின்மூன்று எழுத்துக்கள்: ணா, றா, னா; ணை, லை, ளை, னை; ணொ, றொ, னொ; ணோ, றோ, னோ. பெரியார் விரும்பிய ஐ, ஔ நீக்கத்தை அரசு எடுத்துக்கொள்ளவில்லை. பதின்மூன்று என்பது கேட்கச் சின்ன எண்ணிக்கை. 'இல்லை' என்ற சொல் எத்தனை வாக்கியங்களை முடித்துவைக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அதன் வீச்சு தெரியும். துதிக்கையைத் தூக்கி நின்ற ஒரே எழுத்து, சீர்திருத்தத்துக்குப்பின் இரண்டு துண்டாகப் பிரிந்து நின்றது. விமர்சகர்களின் செல்லச் சொல்லான 'ஆனால்' நடுவிலும் இதே மாற்றம்தான்.

ஆகவே எழுபதுகளின் நடுவில் படிக்க ஆரம்பித்த என் போன்றவர்களுக்கு, முதலில் படித்த புத்தகம் என்பது வேறொரு எழுத்தில் இருக்கும் புத்தகம். பிற பாஷைக்காரர்களுக்குப் பதிப்பு மாறினால் அட்டையும் தாளும் எழுத்தின் அளவும் மாறும். எங்களுக்குச் சொல்லின் முகமே மாறிற்று. கைவசமிருந்த ஈய எழுத்துக்களை மாற்றப் பணமில்லாத சின்ன அச்சகங்கள் கொஞ்ச காலம் பழையதையே கோத்துக்கொண்டிருந்தன. கடிதங்களில் நாங்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தோம். சீர்திருத்தம் தட்டச்சுக்கும் அச்சுக்கும் கல்விக்கும் சௌகரியம் செய்தது என்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. துதிக்கை போனதால் ஒரு கதையின் அர்த்தமும் போய்விடவில்லை. மாறியது படிக்கும் வேகம். பழைய எழுத்தில் பழகிய கண், பழைய பதிப்பைத் திறந்ததும் இருபது வயதின் வேகத்துக்குத் திரும்பிவிடுகிறது. 1978க்குப் பின் பள்ளிக்கூடம் போனவன் அதே பக்கத்தில் தட்டித் தடுமாறுகிறான். எனக்கு எளிமையாகப் படும் அதே வாக்கியம் அவனுக்குப் புராதனமாகப் படுகிறது. இருவரும் அந்த எழுத்தாளனின் நடையைப் பற்றி வாதம் செய்தால், வாதத்தில் பாதி அச்செழுத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

இதுவரை சொன்னதை ஞாபக சுகம் என்றே ஒருவர் ஒதுக்கலாம். கவிதைக்கு வந்தால் அப்படி ஒதுக்க முடியாது. சிறு பத்திரிகையின் குறுகிய பத்தியில் அடங்காத ஒரு நீண்ட வரி, மடிந்து கீழே விழும். அச்சுக் கோப்பவர் அதைச் சற்று உள்தள்ளிப் போட்டிருப்பார். தொகுப்பாக்கும்போது அந்த மடிப்பு தனி வரியாகி நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். அடுத்த தொகுப்பில் அதற்கென்று ஒரு இடைவெளியும் கிடைத்துவிடும். இப்படி ஆவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். யாப்பில் எழுதிய செய்யுளை அச்சகம் எப்படி உடைத்தாலும் எதுகையும் தளையும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். புதுக்கவிதையில் வரி எங்கே நிற்கிறது என்பதே வடிவம். அது தவறினால் காட்டிக்கொடுக்க உள்ளே சாட்சி கிடையாது. முதல் அச்சை மனசில் வைத்திருக்கும் வாசகன் ஒருவன்தான் அங்கே சாட்சி. அவன் பற்றைப் பார்த்து நாம் சிரித்தால் நஷ்டம் கவிதைக்கு.

3

பதிப்பு என்பது கண்ணுக்குத் தெரியும் உருவம் மட்டுமல்ல. எது முன்னால், எது பின்னால் என்ற வரிசையும் அதில் அடக்கம். இதற்கு நம்மிடமுள்ள மிகப் பெரிய உதாரணம் பாரதி.

பாரதி தன் கவிதைகளை முழுமையாக ஒரே தொகுதியில் பார்த்தவர் இல்லை. ஸ்வதேச கீதங்கள் 1908இல், ஜன்ம பூமி 1909இல், பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912இல், பரலி சு. நெல்லையப்பர் பதிப்பித்த கண்ணன் பாட்டு 1917இல் என்று துண்டு துண்டாகத்தான் அவர் கவிதை அவர் காலத்தில் வெளிவந்தது. 1921இல் அவர் இறந்த பிறகுதான் 'பாரதியார் கவிதைகள்' என்று நாம் இன்று அறியும் பொருள் உருவாகிறது. 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையை வாங்கி, ஐம்பதுகளில் அதைப் பொதுவாக்கியபின் மலிவுப் பதிப்புகள் வீடுதோறும் புகுந்தன. தேசிய கீதங்கள், தெய்வப் பாடல்கள், ஞானப் பாடல்கள், பல்வகைப் பாடல்கள், பிறகு முப்பெரும் பாடல்கள் என்று போகும் வரிசை நமக்கு மனப்பாடம். இந்த வரிசை பாரதி வெளியிட்ட எந்த நூலிலும் இல்லை. தொகுத்தவர்களின் தீர்மானம் அது.

அந்தத் தீர்மானம் ஒரு விமர்சனம். தேசபக்தி முதலில், தெய்வம் அடுத்து, வேதாந்தம் பிறகு என்ற தர வரிசையை, ஒரு வார்த்தை விமர்சனம் எழுதாமலே, ஐம்பது வருஷம் நம் தலையில் ஏற்றிய விமர்சனம். வசன கவிதை பெரும்பாலும் புத்தகத்தின் கடைசியில், மிச்ச சொச்சம் மாதிரிக் கிடக்கும். பரிசாகக் கிடைத்த மலிவுப் பதிப்பை முதல் பக்கத்திலிருந்து படித்துவந்த பள்ளிப் பையன் அந்த இடத்துக்கு வந்து சேருவதற்குள் களைத்துப்போயிருப்பான். ஆனால் பிச்சமூர்த்தி, விட்மனோடு சேர்த்துத் தன் முன்னோடியாகச் சொன்னது அந்தக் கடைசிப் பக்கங்களைத்தான். புதுக்கவிதை, பாரதி தொகுதியைப் பின்னாலிருந்து படித்தவர்களின் காரியம் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

சீனி. விசுவநாதன் 1998 முதல் வெளியிட்ட காலவரிசைப் பதிப்பு இந்தத் தலைப்புகளைக் கலைத்துவிட்டு, எல்லாவற்றையும் தேதிப்படி அடுக்கியது. பத்திரிகைக் குறிப்பும் பாட்டும் கட்டுரையும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. அதைப் படித்த பிறகும் என் மனசில் ஒரு பாட்டு ஞாபகம் வரும்போது, அது இடப்பக்கத்தின் கீழ்ப்பாதியில், 'தெய்வப் பாடல்கள்' என்ற தலைப்போடுதான் வருகிறது. இதில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. யாரோ ஒருவர் செய்த பகுப்பு என் ரசனையின் எலும்பாக ஆகியிருக்கிறது என்பதற்கான அத்தாட்சி அது. முதலில் படித்த பதிப்புதான் நம் முதல் விமர்சகன். அவன் பெயர் நமக்குத் தெரியாது. அவனோடு நாம் வாதிட்டதும் கிடையாது.

4

புதுமைப்பித்தனை நான் முதலில் படித்தது ஒரு தேர்ந்தெடுத்த தொகுப்பில். யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று அதில் இல்லை. எந்த வருஷக் கதை, எந்தப் பத்திரிகையில் வந்தது என்ற விவரமும் இல்லை. பழுப்புத் தாள், மங்கலான மை. நடுவே ஒரு ஃபாரம் இரண்டு முறை தைக்கப்பட்டிருந்தது. அதன் விலையாக இன்னொரு ஃபாரம் காணவில்லை. 'செல்லம்மாள்' கதையின் கடைசிப் பக்கங்கள் அந்தக் காணாத ஃபாரத்தோடு போயிருந்தன. நூலகப் பிரதி ஒன்றில் முடிவைப் படிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

இந்த இடத்தில் ஒரு சபலம் உண்டு. முடிவில்லாத 'செல்லம்மாள்' முடிவுள்ளதைவிட ஆழமானது, அச்சகத்தின் அசிரத்தை ஒரு நவீன கதையைச் செய்துவிட்டது என்று எழுதிவிடலாம். சாமர்த்தியமாக இருக்கும். அது உண்மையில்லை. பக்கம் போன புத்தகம் பக்கம் போன புத்தகம்தான். ஆனால் அந்த ஊனம் கதையைப் பற்றி ஒன்றைக் காட்டிற்று. அந்தக் கதை செல்லம்மாளின் மரணத்தில்தான் ஆரம்பிக்கிறது. என்ன ஆகும் என்ற கேள்வியை முதலிலேயே தீர்த்துவிட்டுத்தான் புதுமைப்பித்தன் பிரமநாயகம் பிள்ளையின் பட்டணத்து வாழ்க்கைக்குள், அந்த நீண்ட நோய்க்குள் போகிறார். அதனால் கடைசிப் பக்கங்கள் இல்லாதபோதும் எனக்குச் சம்பவம் எதுவும் குறையவில்லை. குறைந்தது கால அளவு. அந்த மனிதர் பிணத்தோடு இருக்கவேண்டிய நேரம் எனக்குக் குறைந்துவிட்டது. கதையின் கனம் சம்பவத்தில் இல்லை, அந்த நேரத்தில் இருக்கிறது என்பது அதை இழந்து, பிறகு பெற்றவனுக்குச் சட்டென்று புரிகிறது. முழுப் பதிப்பில் ஒரே மூச்சில் படித்தவர்களுக்கு இது நிதானமாகப் புரியலாம். எனக்குப் புரிந்த வழி இது.

2000இல் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த 'புதுமைப்பித்தன் கதைகள்' வந்தது. காலவரிசை, முதல் வெளியீட்டு விவரம், பாட வேறுபாடுகள். நம் நவீன இலக்கியத்தில் ஒரு சிறுகதை ஆசிரியனுக்கு அந்தக் கவனம் அபூர்வம். அதை என் பழைய தொகுப்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அதிர்ச்சியாகப்பட்டது ஒரு தேதி. 'காஞ்சனை', 'செல்லம்மாள்', 'சாப விமோசனம்', 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' நான்குமே 1943இல், நான்குமே கலைமகளில் வந்தவை. என் தொகுப்பு இவற்றைத் தனித்தனியாகத் தூவியிருந்தது. 'காஞ்சனை'க்கு அடுத்தாற்போல் 1934இன் 'பொன்னகரம்'. ஒன்பது வருஷ இடைவெளியை ஒரு பக்கத் திருப்பலாக ஆக்கியிருந்தது அந்தப் புத்தகம். விளைவாக என் புதுமைப்பித்தன், கோபமும் அமானுஷ்யமும் ஒரே மூச்சில் வரும் ஆள். வளர்ச்சியோ திருப்பமோ இல்லாமல் முதல் நாளிலிருந்தே முழுசாக இருப்பவர்.

தேதி வரிசை இதைக் கலைக்கிறது. மணிக்கொடியோடு சேர்த்தே உச்சரிக்கப்படும் இந்த மனிதர் தன் உச்சமான கதைகளில் நான்கை, மணிக்கொடி அஸ்தமித்த பிறகு, கி. வா. ஜகந்நாதனின் கௌரவமான கலைமகளில், ஒரே வருஷத்தில் எழுதியிருக்கிறார். சோதனை சிறு பத்திரிகையில்தான் நடக்கும் என்று நாம் நம்மைப் பற்றி வளர்த்து வைத்திருக்கும் ஐதீகத்துக்கு இது சௌகரியமான செய்தி இல்லை. பழைய பிரதியின் மேலுள்ள பற்று எத்தனை ஆழமானாலும் இந்தச் செய்தியை எனக்குத் தந்திருக்காது.

ஆனால் காலவரிசையும் ஒரு வாசிப்புத்தான். 1940இல் வந்த முதல் தொகுப்பும் 1943இல் வந்த 'காஞ்சனை' தொகுப்பும் அவர் காலத்துப் புத்தகங்கள். வாசகனைச் சீண்டும் முன்னுரையோடு 'காஞ்சனை'யை அன்று கையில் எடுத்தவன், கதைகளுக்குள் போவதற்கு முன்பே ஒரு குரலைக் கேட்டுவிட்டான். காலவரிசையில் அந்தப் புத்தகங்கள் கரைந்து கதைகள் மட்டும் மிஞ்சுகின்றன. எழுத்தாளன் எழுதிய வரிசை ஒன்று, அவன் வெளியிட்ட வரிசை ஒன்று, நமக்குக் கிடைத்த வரிசை ஒன்று. மூன்றும் உண்மை. எதில் நின்று பேசுகிறோம் என்று சொல்லாமல் பேசுவதுதான் பிரச்னை.

5

பதிப்பு வாசகனுடையதா, ஆசிரியனுடையதா என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. ஆடன் 1966இல் தன் குறுங்கவிதைகளைத் தொகுத்தபோது, ஸ்பெயின் பற்றிய கவிதையையும், உலகப் போர் தொடங்கிய நாளின் பெயர்கொண்ட கவிதையையும் விட்டுவிட்டார். அவை நேர்மையற்றவை என்று அவருக்குப் பட்டது. அவர் உரிமை அது. ஆனால் 1940இன் தொகுப்பில் அந்தக் கவிதையைப் படித்தவனிடமிருந்து அதைத் திரும்பப் பிடுங்க அவரால் முடியவில்லை. 1973இல் அவர் இறந்தார். 1977இல் எட்வர்ட் மெண்டெல்சன் ஆரம்பகாலப் பிரதிகளை மறுபடி அச்சேற்றினார். இரண்டு ஆடன்களும் இன்று இருக்கிறார்கள். பழைய தொகுப்பைக் கைவிடாத வாசகனின் பிடிவாதத்துக்கும் அதில் பங்கு இருக்கும் என்றே எனக்குப் படுகிறது. அங்கே பதிப்பாசிரியன் ஒருவன் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டான். இங்கே அது பெரும்பாலும் பேச்சோடு போய்விடுகிறது.

இன்று போன் திரையில் முதன்முதலாகப் புதுமைப்பித்தனைப் படிக்கும் பையனுக்குப் பக்கமே கிடையாது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் இடம் மாறிக்கொள்கின்றன. இடப்பக்கத்தின் கீழ்ப்பாதி என்று ஒன்று அவன் ஞாபகத்தில் தங்காது. அதற்காக அவன்மேல் இரக்கப்படுவது அபத்தம். எனக்கு இரண்டு வருஷம் கிடைக்காத முடிவு அவனுக்கு இரண்டு நிமிஷத்தில் கிடைக்கிறது. அவன் படிக்கும் பிரதி எங்கிருந்து ஏற்றப்பட்டது, எந்தப் பதிப்பின் பிழைகளைச் சுமக்கிறது என்று அவன் கேட்காமலிருந்தால்தான் கவலை. நாங்களும் கேட்கவில்லை. அச்சிட்டவர்களும் சொல்லவில்லை.

எனவே நான் கேட்பது சின்ன விஷயம். பதிப்பகத்தார் எந்த மூலத்திலிருந்து அச்சிட்டார்கள், கதையோ கவிதையோ முதலில் எப்போது எங்கே வந்தது என்று இரண்டு வரி போடட்டும். விமர்சனம் எழுதுகிறவர்கள் தாங்கள் கையில் வைத்திருக்கும் பதிப்பைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும். இரண்டு பேர் வெவ்வேறு புத்தகங்களைப் படித்துவிட்டு ஒரே எழுத்தாளனைப் பற்றிச் சண்டையிடுவதாக நினைத்துக்கொண்டிருக்கும் சண்டைகளில் பாதி அப்போதே ஓய்ந்துவிடும். மிஞ்சும் பாதி இலக்கியச் சண்டையாக இருக்கும்.

பழைய பிரதியை எறியச் சொல்லவில்லை. நானும் எறியப்போவதில்லை. ஆனால் அதைக் கும்பிடும் பொருளாக வைத்திருக்கும்வரை அது நம்மைப் பற்றி மட்டுமே பேசும். பென்சிலோடு, இன்னொரு பதிப்பின் பக்கத்தில் திறந்து வைத்தால்தான் அது புத்தகத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும். புதுமைப்பித்தனைக் கரைத்துக் குடித்துவிட்டதாக இனி யார் சொன்னாலும், எந்தப் பதிப்பில் என்று கேட்கலாம் என்றிருக்கிறேன்.